போட்டவர் கையால்

சப்பாத்துக்குள் காலை விடமாட்டேன் என்று றெபேக்கா அடம்பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. றொஷினி ஒரு கையால் மகளின் குதிக்காலைப் பிடித்தபடியே மற்றக் கையால் எடுத்தாள். மாமனாரின் இறுதிச்சடங்குக்கு வழி கேட்டு யாரோ அழைக்கிறார்கள் என்று நினைத்தாள். பதினொரு மணிக்குப் பெட்டி மூடுவார்கள். இப்போது எட்டரை.

அழைத்தது நேர்ஸ். பொதுச் சுகாதாரப் பகுதியில் றெபேக்காவின் கோப்பைப் பார்க்கிறவள். நல்ல மனுசி, எப்போதும் முதலில் சுகம் விசாரிப்பாள். இன்று விசாரிக்கவில்லை.

“மதாம் லின், ரெண்டாவது ரத்தச் சோதனை மறுமொழி வந்திட்டுது. ஈயம் குறையேல்லை. கூடியிருக்கு. ஜனவரியில இருந்ததைவிட ஒண்டரை மடங்கு.” பிள்ளையின் குடும்பப் பெயரால் தாயையும் அழைத்து அவள் பிரெஞ்சில் சொன்னது இதுதான்.

“கூடியிருக்கோ? பிள்ளை சீனாவில இருந்து வந்து எட்டு மாசமாச்சே!”

“அதுதான் உடன எடுத்தனான். அங்க ஏறின ஈயமெண்டால் இப்ப இறங்கத் தொடங்கியிருக்க வேணும். இறங்கேல்லை எண்டால் அது உங்கட வீட்டுக்குள்ளதான் இருக்கு. பிள்ளை ஒவ்வொரு நாளும் வாயில வைக்கிற ஏதோ ஒண்டு. இண்டைக்கே வந்து பாக்கட்டோ?”

“இண்டைக்கு எங்கட வீட்டில செத்தவீடு.”

 நேர்ஸ் குரலைத் தணித்தாள். “அனுதாபங்கள், மதாம். அப்ப நாளைக்குக் காலமை ஒன்பதுக்கு. ஆனா அது என்னெண்டு அதுக்கு முன்னம் தெரிஞ்சால் எடுத்து ஒரு பைக்குள்ள கட்டி வைச்சிடுங்கோ. மூளை வளருற வயசு. போனது திரும்பி வராது.”

றொஷினி தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்தாள். போனது திரும்பி வராது. என்ன போனது, எவ்வளவு போனது என்று யாரிடம் கேட்பது? போன மாதம் றெபேக்காவுக்கு நிறங்களின் பெயர் மூன்று பாசையிலும் தெரிந்திருந்தது. இப்போது கேட்டால் பேசாமல் யன்னலைப் பார்க்கிறாள். சோற்றைக் கண்டால் வயிறு நோகுது என்கிறாள். செல்லம் கூடிவிட்டது, அவ்வளவுதான் என்று பத்து நாளாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

பிறந்து பத்தாம் மாதம் றெபேக்காவைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். இதைச் சொன்னால் தமிழ்ச்சனம் வாயில் கைவைக்கும். ஆனால் றொஷினியின் புருசன் ஹாவுடைய சிநேகிதர்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்தார்கள். கார்டரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், இடம் கிடைக்க இரண்டு வருசம் காத்திருக்க வேண்டும். ஹாவ் பகலில் படித்தான், பின்னேரத்தில் ஒரு டெப்பனரில், மூலைக்கடையில், வேலைக்கு நின்றான். அவள் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. அம்மா றோசலினோ செயின்ட்-மிஷேலில் தையல் ஆலையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையை என்ன, பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டா போவது? மாமனும் மாமியும் தாருங்கள் தாருங்கள் என்று அங்கிருந்து கையை நீட்டினார்கள். கொடுத்தார்கள்.

இரண்டு வருசத்துக்குப் பிறகு மாமி இறந்தபோதுதான் றொஷினி அந்த ஊரை முதன்முதலாகக் கண்டாள். தென்சீனக் கடற்கரையில் ஒரு காலத்தில் நெல் விளைந்த ஊராம். இப்போது உலகம் கழித்த கணினிகள் குவிந்து கிடந்தன. வாசலுக்கு வாசல் அடுப்பு, அடுப்பின்மேல் தகடு, தகட்டின்மேல் கணினிக்குள்ளிருந்து கழற்றின பச்சைப் பலகை. பற்றவைத்த ஈயம் உருகி ஒழுக, பெண்கள் குறட்டால் சில்லுகளைப் பிடுங்கித் தகரப் பேணிகளில் போட்டார்கள். ஆறு கறுப்பாக ஓடியது. கிணறு இருந்தும் குடிக்கப் பக்கத்து ஊரிலிருந்து பவுசர் வண்டியில் தண்ணீர் வரவேண்டும், காசு கொடுத்துப் பிடிக்கவேண்டும். அந்தத் தண்ணீரை மாமனார் பேத்திக்கு மட்டும் வைத்துவிட்டுத் தான் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தார். ஒரு குவியலில் விசைப்பலகை ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அதில் பிரெஞ்சில் எழுதின ஒட்டுத்தாள் இருந்தது. றொஷினியின் கந்தோரிலும் மூன்று வருசத்துக்கு ஒருக்கால் எல்லாக் கணினியையும் மாற்றுவார்கள். பழசு எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“இந்தப் புகைக்குள்ள எப்பிடி இருக்கிறியள்?” என்று அவள் கேட்டதை ஹாவ் தகப்பனுக்குச் சொன்னான். கிழவன் சிரித்தார். “பசி பக்கத்தில நிண்டு கொல்லும். புகை தூரத்தில நிண்டுதான் கொல்லும். வயலில வருசம் முழுக்கக் குனிஞ்சதுக்கு மகனைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஏலாமப் போச்சு. இந்த அடுப்புத்தான் அவனைக் கனடாவுக்கு அனுப்பினது.”  ஐந்தாம் நாள் பிள்ளையையும் அவரையும் கூட்டிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்தார்கள்.

றெபேக்கா அவரை ‘ஆகொங்’ என்பாள். அவர்கள் பாசையில் அப்பப்பா. பிள்ளை கூப்பிடுகிற முறையிலேயே றொஷினியும் கூப்பிட்டாள். தமிழ் வீட்டில் அப்படித்தானே.

ஜனவரியில் முதல் சோதனை வந்ததும் ஈயம் அந்த ஊரிலிருந்து வந்தது, தானாக இறங்கும் என்றுதான் டொக்டர் சொன்னார். ஆனால் றொஷினிக்குப் பொறுக்கவில்லை. ஆகொங்கின் தேயிலை, காய்ந்த காளான், அவர் இருமலுக்கு விழுங்கும் கறுப்பு உருண்டை மருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கோப்பை எல்லாவற்றையும் குப்பைப்பையில் போட்டுக் கட்டினாள். கையைக் கழுவாமல் பிள்ளையைத் தொடவேண்டாம் என்று ஹாவைக்கொண்டு சொல்வித்தாள். ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை அந்த மனுசன். அன்றிலிருந்து கழுவினார், கழுவினார், விரல் மூட்டெல்லாம் வெடித்து இரத்தம் கசியும்வரைக்கும் கழுவினார். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மார்ச் முதல் கிழமை மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் நுரையீரல் படத்தைப் பார்த்த டொக்டர் எத்தனை வருசம் புகைபிடித்தவர் என்று கேட்டார். ஆகொங் வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. ஆறு நாளில் முடிந்தது.

கடைசியாக அவர் கேட்டதும் பேத்தியைப் பற்றித்தான். சைகையால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். இருக்கிறதா என்று கேட்டார். “இருக்கு ஆகொங், கழட்டேல்லை” என்றாள் றொஷினி.

அவர் கேட்டது பூட்டை. றெபேக்காவின் முதலாம் பிறந்தநாளுக்கு ஊரில் வைத்து ஆகொங் போட்டுவிட்ட ஆயுள்பூட்டு. பெருவிரல் அகலத்தில், மேகம்போல வளைந்து, நீண்டநாள் வாழ்க என்று நான்கு எழுத்து. பிள்ளையின் உயிரை உடம்போடு வைத்துப் பூட்டுவதாம். எங்கள் சனம் பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதம் போடுவதில்லையா, அதுபோலத்தான். பேத்தி வந்திறங்கிய கிழமை, றோசலின் அந்தச் சிவப்புக் கயிற்றிலேயே மடு மாதாவின் பதக்கத்தையும் கோத்து, பூசைக்குப் பிறகு பிள்ளையைச் சுவாமியாரிடம் கொண்டுபோய், இரண்டையும் கழுத்தில் இருக்கவே மந்திரிப்பித்தாள். “சீனமும் காக்கட்டும், மாதாவும் காக்கட்டும்” என்றாள். குளிக்க வார்க்கும்போதுகூடக் கழற்றக்கூடாது என்பது றொஷினியின் சட்டம்.

இப்போது அவள் பைத்தியக்காரிபோல வீட்டைக் கிண்டினாள். யன்னல்கட்டையின் பழைய பூச்சை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். குசினியில் கோப்பை, கரண்டி, பால்போத்தல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். விளையாட்டுச் சாமான் பெட்டியைக் கவிழ்த்தாள். பொம்மைக்கு அடியிலும், பந்துக்கு அடியிலும், ஏன், றோசலின் தந்த மாதா சுருவச் சிலைக்கு அடியிலும் சீனாவில் செய்தது என்றுதான் எழுதியிருந்தது. எதை எறிவது, எதை விடுவது? றெபேக்கா ஒற்றைச் சப்பாத்தோடு நிலத்தில் இருந்து, தாய் ஓடுவதைப் பார்த்தபடி கழுத்துப் பூட்டை வாயில் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நல்லகாலம், அது ஒன்றாவது வெள்ளி என்று றொஷினி நினைத்தாள்.

கீழே கார் ஹோர்ன் அடித்தது. அவளுடைய அப்பா மரியதாசன் காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, பனிக் குவியலில் கால் புதைய நின்றார். றோசலின் மேலே ஏறி வந்தாள்.

“என்ன பிள்ளை, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு? வீட்டுக்குள்ள என்ன பூகம்பமே?”

றொஷினி சொன்னாள். றோசலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நான் அண்டைக்கே சொன்னனான், அந்தச் சாமானெல்லாம்...” என்று தொடங்கியவள், இன்று யாருடைய நாள் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினாள். “சரி. செத்த மனுசனை இண்டைக்குக் குறை சொல்லக்கூடாது. வா, நேரம் போகுது.”

சடங்கு மண்டபம் பார்க் வீதியில். ஹாவ் விடியவே போய்விட்டான். கறுப்புக் கோட்டும் கையில் கறுப்புப் பட்டியுமாகப் பெட்டியின் தலைமாட்டில் நின்றான். வந்திருந்தது இருபது பேர்கூட இல்லை. அவன் படிக்கும் இடத்துச் சிநேகிதர்கள் சிலர், மேல்மாடிச் சீனக் குடும்பம், கோயிலிலிருந்து ஐந்தாறு தமிழ்ச்சனம். ஊதுபத்தியும் மெழுகுதிரியும் சேர்ந்து புகைந்தன. புகையைக் கண்டதும் றொஷினிக்கு அந்த ஊர் நினைவு வந்தது.

அவள் புருசனைச் சுவரோரம் இழுத்தாள். இருவரும் தங்களுக்குள் கதைப்பது ஆங்கிலத்தில்.

“நேர்ஸ் எடுத்தவா. கூடிட்டுதாம். வீட்டுக்குள்ளதான் இருக்காம்.”

ஹாவ் கண்ணை மூடினான். இரண்டு நாளாக நித்திரையில்லாத கண். “இண்டைக்கு வேண்டாம், றொஷினி. பதினொரு மணிக்குப் பிறகு சொல்லு. எதைச் சொன்னாலும் கேக்கிறன். அதுவரைக்கும் அவற்ற மகனா நிக்க விடு.”

அவள் விட்டுவிட்டு வந்தாள். வேறென்ன செய்வாள்?

பின்வரிசைக் கதிரையில் மரியதாசன் பேத்தியை மடியில் வைத்திருந்தார். பேசாலைக் கடலில் முப்பது வருசம் வலை இழுத்தவர், இங்கே வந்து இருபது வருசம் கட்டடங்களில் நிலம் துடைத்தவர். அதிகம் வாய் திறக்காத மனுசன். பிள்ளை பூட்டைச் சப்பிக்கொண்டிருக்க, அவர் விரலால் மெதுவாக அதை வாயிலிருந்து எடுத்தார். எடுத்தவர் அதை விடவில்லை. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“றொஷினி, இஞ்ச வா.”

“என்னப்பா?”

“பல்லு பதிஞ்சிருக்கு.”

பூட்டின் கீழ்விளிம்பில், சோளப்பொத்தியைக் கடித்ததுபோல, சின்னச் சின்னப் பற்களின் அடையாளம். எழுத்தொன்று பாதி தேய்ந்து போயிருந்தது.

“வெள்ளியில பால்பல்லு பதியாது” என்றார் மரியதாசன். தன் பெருவிரல் நகத்தை அதில் அழுத்தினார். நகமும் பதிந்தது. பிறகு மடியில் கிடந்த செபத்தாளைத் திருப்பி, பூட்டின் விளிம்பால் ஒரு கோடு இழுத்தார். பென்சிலால் இழுத்ததுபோலச் சாம்பல் கோடு விழுந்தது. “இது ஈயம் பிள்ளை. எனக்குத் தெரியாதே? தூண்டில் நூலுக்கு இதைப் பல்லால கடிச்சுத்தான் பூட்டுவம். இனிக்கும்.”

“இனிக்குமோ?”

“ஓம். சாதுவா இனிக்கும்.”

அவர் பூட்டைத் திருப்பிப் பார்த்தார். “பெரியண்ணைதான் ஊருக்கெல்லாம் ஈயம் உருக்கி வலைக்குண்டு வார்த்தவர். அம்மா எங்களைக் காத்துக்கு எதிர்ப்பக்கம் நிக்கச் சொல்லிக் கலைப்பா. பெரியண்ணை கடைசியில...”

முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. பெரியப்பா தன் கடைசிக் காலத்தில் கோப்பையைப் பிடிக்கமுடியாத கையோடு, பெற்ற மகளைப் பார்த்து நீ யார் பிள்ளை என்று கேட்டது றொஷினிக்குத் தெரியும்.  எட்டு மாதம். குளிக்கும்போதுகூடக் கழற்றவிடாமல், மாதாவையும் கூடவே கட்டி, சுவாமியார் கையால் மந்திரிப்பித்து, தன் பிள்ளைக்கு இந்த நஞ்சைத் தானே காவல் வைத்திருக்கிறாள். கிழவனின் தேயிலையை எறிந்தாள், மருந்தை எறிந்தாள், கையைக் கழுவு கழுவு என்று வெடிக்கவைத்தாள். இதைமட்டும் விட்டுவைத்தாள்.

கயிற்றின் முடிச்சில் கைவைத்தாள். நான்கு விரற்கடை நீளத்துக்குப் பூப்போலப் பின்னின முடிச்சு. ஆகொங் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் புதுக்கயிறு மாற்றிக் கட்டுவது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. “அம்மா, கத்திரிக்கோல் இருக்கோ?” என்று அவள் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கவேண்டும்.

ஹாவ் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“என்ன செய்யிறாய்?”

“இது ஈயம். வெள்ளியில்லை. நீயே பார்!”

அவன் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தான். “வெள்ளியில்லை எண்டு எனக்குத் தெரியும்” என்றான்.

“தெரியுமோ?”

“வெள்ளி வாங்க அப்பாட்ட எங்க காசு? பலகையில இருந்து வழிஞ்சதைச் சேர்த்து, களிமண் அச்சில தானே வார்த்தவர். மூண்டு தரம் உடைச்சு உடைச்சு வார்த்தவர். தகரமெண்டுதான் நான் நினைச்சன், சத்தியமா. உன்ர அம்மா அதைக் கையில வைச்சு நல்ல வெள்ளியெண்டு சொல்லேக்க அவற்ற முகத்தைப் பார்த்தன். என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?”

றோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகனுக்கு ஆங்கிலம், மாமிக்குத் தமிழ். ஆனாலும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“சரி, போனது போகட்டும். இப்ப வெட்டுறன். விடு கையை.”

“வெட்டக்கூடாது.” ஹாவின் பிடி இறுகியது.  “போட்டவர் கையாலதான் கழட்டவேணும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசாகேக்க அவர்தான் கழட்டுறது. போட்டவர் பெட்டிக்குள்ள கிடக்க, வேற ஆள் அதை வெட்டினால், போறவர் பிள்ளையையும் கையில பிடிச்சுக்கொண்டு போயிடுவார். என்ர தம்பியை அப்பிடித்தான்...” மீதியை அவன் தன் பாசையில் சொன்னான். அவனுக்கு ஒரு தம்பி இருந்ததையே அவள் இன்றுதான் கேள்விப்படுகிறாள்.

இஞ்சினியரிங் படித்தவன், நம்பிக்கையெல்லாம் மூடத்தனம் என்று சிரிக்கிறவன். இப்போது வேர்த்து விறுவிறுத்து நிற்கிறான். அவன் தன்னோடு சண்டை பிடிக்கவில்லை என்பது றொஷினிக்கு விளங்கியது. இரண்டு பேருக்கும் ஒரே பயம், ஒரே பிள்ளை.

“இதைப் பெட்டிக்குள்ளயே போட்டுவிட்டால் என்ன? அவரோடயே போகட்டும்” என்றாள் றோசலின், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக.

“எரிக்கப் போறாங்கள் எல்லே” என்றார் மரியதாசன். “ஈயம் புகையாப் போய் ஊருக்கு மேலதான் இறங்கும்.”

அந்த நேரம் முன்னால் மணி அடித்தது. சடங்கு நடத்தும் முதியவர் கையைத் தட்டி, முதலில் சீனத்திலும் பிறகு உடைந்த பிரெஞ்சிலும் சொன்னார். பெட்டி மூடப் போகிறோம். எல்லாரும் திரும்பி நில்லுங்கள். யாரும் பார்க்கவேண்டாம். மூடும்போது யாருடைய நிழல் உள்ளே விழுகிறதோ, அந்த நிழலும் உள்ளே அகப்பட்டுவிடும். சின்னப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோங்கள்.

கதிரைகள் கிறீச்சிட்டன. ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். மேல்மாடிப் பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தமிழ்ச்சனமும் ஆளையாள் பார்த்துவிட்டுத் திரும்பியது. றோசலின் மணிமாலையை எடுத்தாள்.

றொஷினி மகளை மரியதாசனின் மடியிலிருந்து தூக்கினாள். தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போகாமல் பெட்டியை நோக்கி நடந்தாள்.

“எங்க போறாய்?” ஹாவ் கேட்டான்.

“போட்டவர் கையால கழட்ட.”

முதியவர் மூடியில் கைவைத்தபடி அதிர்ந்து நின்றார். ஹாவ் பின்னால் ஓடிவந்தான். தடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்து அவள் பிள்ளையை இறுக அணைத்தாள். அவன் தடுக்கவில்லை. தலைக்கு மேலிருந்த விளக்கையும் பெட்டியையும் ஒருதரம் பார்த்தான். பிறகு விளக்குக்கும் பிள்ளைக்கும் நடுவில் வந்து தன் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளையின் நிழல் அவன் நிழலுக்குள் மறைந்தது. இப்போது பெட்டிக்குள் விழுந்துகிடந்தது அவன் நிழல் மட்டும்தான்.

“கெதியா” என்றான்.

ஆகொங்கின் கை இடுப்புக்கு மேல் கிடந்தது. வெடிப்புகளை மறைக்க மாவு பூசியிருந்தார்கள். மாவுக்கு அடியிலும் வெடிப்பு தெரிந்தது. றொஷினி அந்தக் கையைத் தூக்கினாள். குளிர் அவள் முழங்கைவரை ஏறியது. உயிரோடு இருக்கும்போது அவள் ஒருநாளும் இந்தக் கையைப் பிடித்ததில்லை. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஆகொங்” என்றாள் தமிழில். “நீங்கள் போட்டதை நீங்களே கழட்டித் தாங்கோ. அவளை விட்டிட்டுப் போங்கோ.”

விறைத்த பெருவிரலையும் சுட்டுவிரலையும் முடிச்சின் தலைப்பில் வைத்துத் தன் விரல்களால் மூடி இழுத்தாள். அசையவில்லை. திரும்ப இழுத்தாள். சுவரோரம் றோசலினின் அருள்நிறை மந்திரம் ஒரே மூச்சில் ஓடியது. மூன்றாம்தரம் ஹாவ் ஒரு கையால் கோட்டைப் பிடித்தபடி மறு கையை நீட்டி, முடிச்சின் ஓர் இழையைக் காட்டினான். “அது இல்லை. இது. சின்னனில எனக்குக் காட்டித்தந்தவர்.” அந்த இழையில் வைத்து இழுத்ததும் பூ முழுவதும் சரசரவென்று அவிழ்ந்து சிவப்புக் கயிறாகத் தொங்கியது.

றெபேக்கா குனிந்து பார்த்தாள். “ஆகொங்” என்றாள். பிறகு, பனியில் விளையாடிவிட்டு வரும்போது கிழவன் அவளுக்குச் செய்வதுபோல, அந்த விரல்களில் வாயைக் குவித்து ஊதினாள். இரண்டு தரம். மூன்று தரம். சூடாகவில்லை என்று தாயைப் பார்த்தாள்.

ஹாவ் பிள்ளையை வாங்கித் தன் தோளில் முகம் புதையத் திருப்பிக்கொண்டான். மூவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பின்னால் மூடி இறங்கும் சத்தம் கேட்டது. ஆணி அடிக்கவில்லை, திருகினார்கள். நாலு திருகு. றொஷினி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

வெளியே வெயில் எறித்தது, ஆனால் குளிர் குளிர்தான். மரியதாசன் தன் லேஞ்சித் துணியை விரித்துப் பிடிக்க, அவள் பூட்டை அதில் போட்டாள். பதக்கத்தைப் பிரித்துத் தனியாக எடுத்து, அதிலும் ஈயம் உரசியிருப்பதைக் கண்டு, அதையும் போட்டாள். மாதாவை அதோடு போடாதே என்று றோசலின் சொல்லவில்லை. அவர் நாலு மூலையையும் இறுக்கி முடிந்து ஹாவிடம் கொடுத்தார். ஹாவ் வாங்கி உள்பையில் வைத்தான், நெஞ்சுப் பக்கம்.

“நாளைக்குக் காலமை நேர்ஸிட்டக் குடுக்கவேணும்” என்றாள் றொஷினி.

“ஓம்” என்றான் அவன், தமிழில்.

பெட்டி ஏற்றின வண்டிக்குப் பின்னால் அவர்களுடைய கார், பார்க் வீதியால் மெல்லப் போனது. அன்றைக்குக் குப்பை நாள். நடைபாதையில் பனிக்குவியல்களின்மேல் கறுப்புப் பைகள், ஒரு மெத்தை, கண்ணாடி வெடித்த கணினித் திரை ஒன்று.  பின்சீற்றில் றெபேக்காவின் கை கழுத்தைத் தடவியது. இடப்பக்கம் தேடியது, வலப்பக்கம் தேடியது, கோட்டுக்குள் விட்டுத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. தலையைக் குனிந்து, கோட்டு ஸிப்பின் இழுவையை வாயில் எடுத்தாள்.

றொஷினி அதை மெதுவாக வாயிலிருந்து எடுத்துத் தன் கைலேஞ்சியால் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு, திரும்பவும் குனிந்தது.